நீங்கள் எந்த ஸ்ட்ராதர்?

கொரியா
14 அக்டோபர் 1951

அன்புள்ள லுவெல்லா அக்காவுக்கு,

நான் இன்னொரு வருஷம் பட்டாளத்தில் இருக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதிலிருந்து நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை. இரண்டு மாதம் ஆகிறது. கோபம் இருக்கட்டும், இதைப் படித்துவிட்டுத் தொடர்ந்து கோபித்துக்கொள்.

எங்கள் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். பட்டாளத்தில் கறுப்பு, வெள்ளை என்று பிரித்து வைக்கக்கூடாது என்று ஜனாதிபதி மூன்று வருஷத்துக்கு முன் உத்தரவு போட்டாரே, நீகூடப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பேப்பரை உரக்கப் படித்துக் காட்டினாயே, அது இந்த மலைக்கு வந்து சேர இத்தனை நாள் பிடித்திருக்கிறது. போன திங்கட்கிழமை எங்களை வரிசையில் நிறுத்திப் பெயர் படித்தார்கள். இரண்டு பேர் இந்தக் கம்பெனிக்கு, மூன்று பேர் அந்தக் கம்பெனிக்கு. சீட்டுக்கட்டைப் பிரித்துப் போடுவது போலப் போட்டார்கள். இதைத்தானே கேட்டோம்? ஆனாலும் கொடியைச் சுருட்டி உறைக்குள் போட்டபோது, மேல்சட்டைப் பொத்தானைச் சரிசெய்வது போலக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் பலர். நானும்தான்.

என் கையில் நாற்பது பேர் இருந்தார்கள். இப்போது ஒன்பது பேர். ஒன்பதும் வெள்ளை. என்னோடு வந்த இன்னொரு சார்ஜென்டை லாரி ஓட்ட அனுப்பிவிட்டார்கள், கையில் சார்ஜென்ட் பட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த வகையில் நான் அதிர்ஷ்டக்காரன்.

ஒன்பது பேரில் ஒருவன் நம் லோரிங் மாவட்டத்துக்காரன் என்றால் நம்புவாயா? பெயர் ஆர்லிஸ் ஹக்கபி, பத்தொன்பது வயது, மேட்டுப்பக்கம். நம் வீட்டிலிருந்து பதினெட்டு மைல் இருக்கும். நான் வாயைத் திறந்ததுமே பேச்சை வைத்துக் கண்டுபிடித்துவிட்டான். "அட கடவுளே, ஊரை விட்டு உலகத்தோட மறுகோடிக்கு வந்தும் லோரிங்காரன் கறுப்பன்தானா எனக்கு மேலதிகாரி?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். பட்டாளச் சட்டப்படி அவன் என்னை 'சார்ஜென்ட்' என்று கூப்பிட வேண்டும். அந்த வார்த்தையைத் தவிர்ப்பதற்காக என் முகத்துக்கு நேரே வந்து நின்றுகொண்டு பேசுகிறான். கூப்பிடாமலே காரியம் முடிகிறது பார்.

உன் தம்பி,
லெம்யூல்

*

லோரிங், மிசிசிப்பி
30 அக்டோபர் 1951

லெம்,

கோபம் தீரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாற்பது பேர் ஒன்பது பேரானதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்கிறாய். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையை என்னிடமே நல்ல செய்தி மாதிரி எழுத உனக்குத்தான் வரும். உன்னைப் படிக்க வைத்தது வாத்தியாராக வருவாய் என்றுதான். நீ என்னடா என்றால் பத்தொன்பது வயதுப் பொடியன் உன்னை எப்படிக் கூப்பிடுவான் என்று மலைமேல் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கிறாய்.

பேப்பரை நான் உரக்கப் படித்தது உண்மைதான். பிள்ளைகள் கைதட்டினார்கள். அதே வாரம் அடுப்புக்கு விறகு கேட்டுக் கல்விக் குழுவுக்கு எழுதினேன். இன்றுவரை வரவில்லை. ஜனாதிபதியின் கையெழுத்துக்குக் கொரியா வரை கால் இருக்கிறது, லோரிங்குக்கு வர மட்டும் கால் இல்லை.

அந்த ஹக்கபிப் பையனிடம் வேலை வாங்கு, சண்டை போடச் சொல்லிக் கொடு, அதோடு நிறுத்திக்கொள். ஊர்க்காரன் என்று உறவு கொண்டாடாதே. நீ அங்கே என்ன செய்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் இங்கே இருக்கிறேன்.

கம்பளிக் காலுறை நான்கு ஜோடி அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள், மற்றவனுக்குத் தூக்கிக் கொடுக்காதே.

லுவெல்லா

*

கொரியா
20 நவம்பர் 1951

அன்புள்ள அக்கா,

காலுறை வந்தது. மூன்று ஜோடிதான் என்னிடம் இருக்கிறது. திட்டாதே.

இங்கே ஒரு பதுங்குகுழிக்கு இரண்டு பேர். எனக்கு ஜோடியாக ஆர்லிஸ் ஹக்கபி வந்து விழுந்தான். "இவனோட ஒரே குழியிலயா? நான் வெளியிலயே கிடந்து சாகறேன்" என்று இரண்டு நாள் வெளியே பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் பனி கொட்டியது. தானாக உள்ளே வந்தான். உதடு நீலம் பாய்ந்து, பல் தந்தியடிக்க, "உங்க வீட்ல இந்தக் குளிருக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான். "உங்க வீட்ல பண்றதைத்தான், அடுப்புக்குப் பக்கத்துல உக்காருவோம்" என்றேன். அந்த நீல உதட்டை நினைத்துத்தான், உன் காலுறை வந்ததும் ஒரு ஜோடி அவனுக்குப் போயிற்று.

ஒரு வாரம் கழித்து ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில், "சார்ஜென்ட், உங்களுக்கு எழுத வருமில்ல?" என்றான். சார்ஜென்ட்! அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். மற்ற வெள்ளைப் பையன்களிடம் சொன்னால் கேலி செய்வார்களாம். என்னிடம் சொன்னால் அவமானமில்லை என்று நினைத்தானா, அதைவிட வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை. பழைய கம்பெனியில் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்! இவன் அம்மாவுக்கும் எழுதினேன். தோட்டம், கோவேறு கழுதை, பீச் மரம் எல்லாம் விசாரித்தான். கடைசியில், "இதை என் சார்ஜென்ட் ஸ்ட்ராதர் எழுதுகிறார், அவரும் லோரிங்தான்" என்று சேர்க்கச் சொன்னான். சேர்த்தேன். அதுதான் இப்போது தலைவலி.

அந்த அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது, பாதிரியார்தான் படித்துப் பதிலும் எழுதுகிறார். நேற்று வந்த பதிலில் எனக்குத் தனியாக நாலு வரி. "என் மகனைப் பார்த்துக்கொள்ளும் ஐயா, உங்கள் கடிதத்தைக் கோயிலில் எல்லோருக்கும் படித்துக் காட்டினோம். நீங்கள் எந்த ஸ்ட்ராதர்? நீதிபதி ஸ்ட்ராதருக்கு என்ன முறை வேண்டும்?"

நீதிபதிக்கு நான் என்ன முறை வேண்டும், அக்கா? அவருடைய தாத்தா நம் தாத்தாவை அடிமை ஏலத்தில் எடுத்தார், அந்த முறைதான். படித்துக் காட்டியதும் ஆர்லிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் முகம் சிவந்துவிட்டது. "இப்ப வேணாம் சார்ஜென்ட். அம்மா சந்தோஷமா இருக்கா, அப்படியே இருக்கட்டும். நானே நேர்ல போய்ச் சொல்லிக்கிறேன்" என்றான். நானும் சரி என்று அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

லெம்யூல்

*

லோரிங்
12 டிசம்பர் 1951

லெம்,

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாய். அது இப்போது என் மடியில் குடைகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். பாதியை நீதிபதி வீட்டுச் சமையல்கார எஸ்ஸி சொன்னாள், மீதியை நானே பார்த்தேன். போன வியாழக்கிழமை திருமதி ஹக்கபி தலையில் துணி கட்டிக்கொண்டு, பால் வண்டியில் தொற்றிக்கொண்டு பதினெட்டு மைல் வந்திருக்கிறாள். கையில் ஊறவைத்த பீச் ஒரு ஜாடி. நேரே நீதிபதி வீட்டு முன்வாசலுக்குப் போய், "உங்க வீட்டுப் பிள்ளை என் மகனைக் கண்ணா பாத்துக்கிறாருங்க, ஐயா. கையெழுத்தே முத்து முத்தா இருக்குன்னு பாதிரியார் சொன்னார்" என்று ஜாடியை நீட்டியிருக்கிறாள்.

நீதிபதி முதலில் சிரித்தாராம். "எங்க வீட்ல யாரும் பட்டாளத்துல இல்லையேம்மா, பேர் என்ன சொன்ன?" என்றாராம். கடித உறையில் இருந்தபடி லெம்யூல் என்று சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. "அவன் நேபோ மலைப் பள்ளிக்கூட டீச்சரோட தம்பி. கறுப்பன்!" என்று கத்திய கத்தலில் எஸ்ஸி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாளாம். அந்த அம்மா ஜாடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போயிருக்கிறாள்.

மறுநாள் நீதிபதி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். "உன் தம்பி என் குடும்பப் பேரைப் போட்டுக்கிட்டு ஒரு வெள்ளைக்காரிக்குக் கடுதாசி எழுதறானாமே, லுவெல்லா?" என்றார். அவளுடைய மகன் சொல்லச் சொல்ல எழுதியதுதான் ஐயா என்றேன். "ஜூன்ல உன் ஒப்பந்தம் குழுவுக்கு வருதில்ல? இனிமே ஒரு கடுதாசி வந்தாலும் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வயிறு எரிகிறது லெம். இந்தப் பெயரை நாம் கேட்டா வாங்கினோம்? அவர்களே சூடு போட்ட மாதிரிப் போட்டார்கள். இப்போது திருடிக்கொண்டோம் என்கிறார்கள்.

ஆனால் எரிச்சலுக்கெல்லாம் சோறு கிடைக்காது. பன்னிரண்டு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடம், முப்பத்தொரு பிள்ளைகள். ஒரு கறுப்பன் ஒரு வெள்ளைக்காரிக்கு எழுதினான் என்பதற்காக இங்கே என்னென்ன நடந்திருக்கிறது என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பையனுக்கு வேறு யாரையாவது எழுதச் சொல். உன் கையெழுத்தில் இனி ஒரு எழுத்து அந்த மேட்டுப்பக்கம் போகக்கூடாது.

லுவெல்லா

*

கொரியா
6 ஜனவரி 1952

அக்கா,

உன் கடிதம் கிறிஸ்துமசுக்கு முதல் நாள் வந்தது. ஆர்லிஸிடம் சொன்னேன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. ஜாடியோடு அம்மா படியிறங்கிப் போனதை இரண்டு முறை கேட்டான். பிறகு, "காகிதத்தை எடுங்க சார்ஜென்ட். 'அம்மா, எழுதறவர் கறுப்பர். என் சார்ஜென்ட். இவர் காலுறையைத்தான் நான் போட்டிருக்கேன்.' இதை அப்படியே எழுதுங்க. எங்கம்மா அவமானப்பட்டது இவர் தப்பில்ல, என் தப்புன்னும் எழுதுங்க" என்றான்.

நான் எழுதவில்லை. "எங்கக்கா வேலை போயிடும்டா, கொஞ்ச நாள் பொறு" என்றேன். பொறுத்தான். டிசம்பர் 29ஆம் தேதி, நன்றாக விடிந்து, காபி காய்ச்சிக்கொண்டிருக்கும்போது குண்டு விழுந்தது. வயிற்றில் பட்டது. தூக்கிப் போக ஆட்கள் மேலே ஏறி வருவதற்குள் முடிந்துவிட்டது. கால்மணி நேரம் இருந்தான். நினைவோடுதான் இருந்தான். "அந்தக் கடுதாசி... உங்க பேரைப் போட்டு எழுதிடுங்க. யாருன்னு சொல்லி எழுதுங்க" என்றான். எழுதுகிறேன் என்று சத்தியம் செய்தேன். வேறு என்ன சொல்வது?

கேப்டன் நல்லவர்தான். "வழக்கமான அறிவிப்பை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன், ஸ்ட்ராதர். நீ மிசிசிப்பிக்காரன், உனக்கே தெரியும். இதுல தலையிடாதே" என்றார். அந்த அறிவிப்பை நான் படித்தேன். யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

முன்பே எழுதியிருந்தால் அவன் உயிரோடு இருக்கும்போதே அவன் வாயால் சொன்னது அம்மாவுக்குப் போயிருக்கும். உனக்காகத்தான் தள்ளிப் போட்டேன். உன்மேல் பழி போடவில்லை, மனசு அரிக்கிறது, சொல்கிறேன். கடிதத்தை எழுதிப் பைக்குள் வைத்திருக்கிறேன். நீ சரி என்றால் அனுப்புகிறேன்.

லெம்யூல்

*

லோரிங்
22 ஜனவரி 1952

லெம்,

வேண்டாம்.

அந்தப் பையனுக்காக அழுதேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் வேண்டாம். செத்தவனுக்குச் செய்த சத்தியம் செத்தவனோடு போகட்டும். இருக்கிறவள் நான். போன வாரம் பள்ளிக்கூட ஜன்னலில் கல் விழுந்தது. பிள்ளைகள் யாரும் உள்ளே இல்லை, அதுவரைக்கும் கடவுள் காப்பாற்றினார்.

நீ கேட்டாய், நான் சொல்லிவிட்டேன். இதற்கு மேல் கேட்காதே.

லுவெல்லா

*

கொரியா
5 பிப்ரவரி 1952

அக்கா,

அனுப்பிவிட்டேன்.

உன்னிடம் கேட்டுவிட்டு உன் சொல்லை மீறியது கேட்காமலே செய்ததைவிட மோசம். தெரிந்துதான் செய்தேன். உன் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்திருந்தேன். இங்கே பக்கத்தில் அவனுடைய இடம் காலியாகக் கிடக்கிறது. புதிதாக வந்தவன் அதில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறான், அவனுக்கு எழுத வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் யார், கறுப்பன், நீதிபதிக்கு உறவில்லை, நேபோ மலை டீச்சரின் தம்பி என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். அவன் சொல்லச் சொன்னதையும் எழுதினேன். 'கடைசியில் அவன் தனியாக இல்லை' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத எனக்கே தைரியம் வரவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன். என் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போர்த்தினேன். தலையை என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தான், அப்படியே போய்விட்டான். உங்கள் மகன் ஒரு கறுப்பன் மடியில் உயிரை விட்டான் என்று லோரிங் மாவட்டத்து வெள்ளைக்காரத் தாய்க்கு எந்தக் கையால் எழுதுவது?

நீ பேசாமல் இருந்தாலும் நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

லெம்யூல்

*

லோரிங்
3 மார்ச் 1952

லெம்,

இந்தக் கடிதத்தை நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். முதல் மூன்றும் உன்னைத் திட்டித்தான்.

எனக்குப் பள்ளிக்கூடம் ஜூன் வரைக்கும்தான். குழுவிலிருந்து காகிதம் வந்துவிட்டது, காரணம் ஒன்றும் போடவில்லை. நான் வேண்டாம் என்றேன், நீ அனுப்பினாய், இது நடந்தது. இதை நான் மறக்க மாட்டேன். மன்னிப்பேனா என்று இப்போது கேட்காதே.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமையில்லை.

போன வெள்ளிக்கிழமை, கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. தலையில் துணி, கையில் ஒரு சாக்குப்பை. எந்தக் காலத்திலும் எந்த வெள்ளைக்காரியும் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பினேன். அவள் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள். நான் நாற்காலியைக் காட்டினேன், அவள் சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தாள். உறை பிரிக்கவே இல்லை. "பாதிரியார் தொட மாட்டேன்னுட்டார், டீச்சர். யார்கிட்டேயிருந்து வந்திருக்குன்னு தெரிஞ்சதும் மேசைமேல தள்ளிட்டார். பத்து நாளா வச்சிருக்கேன். நீங்க படிப்பீங்களா?" என்றாள். ஒரு கறுப்புப் பெண்ணை 'மிஸ் ஸ்ட்ராதர்' என்று மரியாதையாகக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவும் மனசு வரவில்லை. 'டீச்சர்' என்று ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். உன் ஆர்லிஸ் உன் முகத்துக்கு நேரே வந்து நின்ற கதை எனக்கு ஞாபகம் வந்தது. இவனுடைய அம்மாதான், சந்தேகமே இல்லை.

படித்தேன். கறுப்பன் என்ற வரியையும் விடாமல் படித்தேன். அவள் அசையவில்லை. காலுறை என்று வந்தபோது மட்டும், "ம்" என்றாள். முடிந்ததும், "இன்னொரு தடவை" என்றாள். படித்தேன். 'தனியாக இல்லை' என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"யார் இருந்தா?"

நான் கடிதத்தை மடித்தேன்.

"தனியா இல்லன்னு போட்டிருக்காரே. கூட யார் இருந்தான்னு போடலையே? அவனுக்குக் குளிரே ஆகாது, டீச்சர். சின்னதுலேர்ந்து ஆகாது. அவன் குளிர்ல கிடந்தானா? அதை மட்டும் சொல்லுங்க."

உன் இன்னொரு கடிதம் என் கைப்பைக்குள் இருந்தது. நீ எனக்கு மட்டும் என்று எழுதியது. என்மேல் உனக்குக் கோபம் வரலாம், வரட்டும், கணக்குச் சரியாகிவிடும். "குளிர்ல இல்லைங்க" என்றேன். "என் தம்பி தன் கோட்டைக் கழட்டிப் போர்த்தியிருந்தான். தலையை மடியில வச்சுக்கிட்டிருந்தான். உங்க மகன் அவன் கட்டைவிரலைப் பிடிச்சுக்கிட்டே போயிட்டான்."

சொல்லிவிட்டு நான் கதவைப் பார்த்தேன். எழுந்து போய் நீதிபதியிடம் சொல்வாள், கத்துவாள், என்னை அடிப்பாள் என்றெல்லாம் மனசில் ஓடியது. அவள் என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அழுதாள். நான் பக்கத்தில் போகவில்லை லெம், போக முடியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தேன். பிள்ளைகள் குடிக்கும் குவளைதான் இருந்தது. குடித்தாள்.

கிளம்பும்போது சாக்குப்பையிலிருந்து அந்தப் பீச் ஜாடியை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். "தப்பான வாசல்ல கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்" என்றாள். அப்புறம், "நான் இங்க வந்தது யாருக்கும் தெரிய வேணாம்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஜாடியைத் தூக்கி வெளியே எறியலாமா என்றுகூட நினைத்தேன்.

படியில் கால் வைத்தவள் திரும்பி நின்றாள். "டீச்சர், கோட்டை இவனுக்குப் போர்த்திட்டார்னா, உங்க தம்பிக்குக் குளிரலையா?" என்றாள்.

நாற்பத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். நம் வீட்டு ஆள் ஒருவனுக்குக் குளிருமா, பசிக்குமா என்று ஒரு வெள்ளைக்காரி கேட்டு நான் கேட்டதில்லை. உன் அக்கா நான், என் வேலை, என் ஜன்னல் என்று இருந்துவிட்டேன், அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து வாராவாரம் வந்து கேட்டுப் பார்ப்பாளாம்.

குளிர்ந்ததா லெம்?

லுவெல்லா